இரண்டு ஒட்டுப் போட்ட பிளேடு

ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் பாதி தூரம் வந்திருப்பேன். பின்னால் மேட்டிலிருந்து அந்த இயந்திரம் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. தோளில் கிடந்த பையை இறக்காமலே நின்றேன். முதலில் மோட்டாரின் முனகல். பிறகு சக்கரம் வேகம் பிடிக்கும் சத்தம். அதற்குள் டக்டக், டக்டக் என்று ஓர் இடறல். பிளேடில் இரண்டு இடத்தில் ஒட்டு இருந்தால் அப்படித்தான் கேட்கும். அந்த ஒட்டுகளை அன்று மத்தியானம் சூடு ஆறும்வரை குறடால் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். மரம் பிளேடில் ஏறியதும் சத்தம் தடித்தது. அறுபடுகிறது என்று தெரிந்ததும் மறுபடி நடந்தேன்.

தக்கலைக்கு இன்னும் ஒரு மணி நேர நடை இருந்தது. பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தம். கால்சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய ஓர் ஆணி. அதைக் கடலில் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அதனால்தான் தெற்கே நடந்தேன். இல்லையென்றால் எந்தப் பக்கமும் போயிருப்பேன்.

நாலு மாதத்துக்கு முன் அந்த வீட்டுக்கு வந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவனுக்கு என்னென்ன வேலை கிடைக்குமோ அதெல்லாம் பார்த்திருக்கிறேன். சிதறால் பக்கம் ரப்பர் பால் எடுத்தேன். கேரளத்தில் ஒட்டுப்பலகைக் கம்பெனியில் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரத்தில் நின்றேன். கடற்கரையில் ஐஸ் உடைத்தேன். எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாரும் விரட்டியதில்லை, ஒருநாள் காலையில் எழுந்ததும் போகவேண்டும்போல் இருக்கும், போய்விடுவேன்.

அந்த வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடாவில் மரவேலைப் பட்டறையில் இருபது வருடம் இருந்துவிட்டு, முதுகு போய்த் திரும்பி வந்தவர். குனிந்தால் நிமிர நேரமாகும். பழைய மாட்டுத்தொழுவத்தில் தரை போட்டு, ஒரு பழைய பேண்ட்சா வாங்கி நிறுத்தியிருந்தார். வேலை எல்லாம் கைக்குத் தெரியும். கனம் தூக்க மட்டும் ஆள் வேண்டும். நான் தூக்கினேன். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை மைனி என்றும் கூப்பிட்டேன். தொழுவத்தின் ஓரத்திலேயே படுக்கை.

பேண்ட்சா பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி, இடுப்பு வார்போல, பல் வைத்த ஒரு மெல்லிய இரும்புப் பட்டை. நடுவில் மேசை. சக்கரம் சுற்றும்போது பட்டை மேசையின் துளை வழியாகக் கீழ்நோக்கி ஓடும். மரத்தை நாம் தள்ளிக்கொடுக்க வேண்டும். வட்டவாள் ஓடும் இடங்களில் நான் வேலை செய்திருக்கிறேன். அது மரத்தைத் திருப்பி எறியும். ஒருவனுக்கு விலா எலும்பு போனதைப் பார்த்தேன். இது எறியாது. மரத்தைக் கீழே மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் விரலைக் கொடுத்தால் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதையும் அண்ணன் முதல்நாளே சொன்னார்.

அந்த வீட்டில் அது செய்த வேலைகளைச் சொன்னால் நம்பமாட்டார்கள். விறகுக்குப் போட்ட பலாக்கொம்பைக் கொண்டுவந்து பலகையாக்கினோம். ரப்பர் மரத்தின் அடிமுண்டில் மூன்று முக்காலி வந்தது. பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு ஒடிந்த காலைப் பார்த்து அதேபோல் ஒரு வளைவுக் கால். மீன் நறுக்கும் பலகை, கோடாலிக் காம்பு, தொட்டிலுக்கு வளைந்த கொம்பு. பிளேடு மெலிசு என்பதால் மரம் தூளாகப் போவது குறைவு. ஒரு தடிப்பலகையை நடுவே இரண்டாகக் கீறி, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து வைத்தால் ஒருபக்கத்து வரி மறுபக்கத்திலும் அப்படியே வரும். அதை அண்ணன் முதல்முறை விரித்துக் காட்டியபோது நான் கைவேலையை விட்டு அதையே பார்த்து நின்றேன். எனக்கு அப்படி நிற்கும் பழக்கம் கிடையாது.

மைனியின் தம்பிக்கு மட்டும் அது கண்ணில் விழுந்த தூசி. தக்கலையில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். சரக்கு இறக்கிவைக்க இடம் போதவில்லை. தொழுவம் சாலையை ஒட்டி இருந்ததால் அதன்மேல் அவருக்கு ஆசை. பைக்கில் வந்து இறங்கினாலே தொடங்கிவிடுவார்.

"அத்தான், இந்தச் சாதனம் துபாயில எறச்சிக்கடையில நிக்கும். நெய்மீன் வெட்டுகதுக்குக் கொள்ளாம். நம்ம வீட்டுல என்னத்துக்கு?"

"நெய்மீன் வாங்கிட்டு வா மாப்பிள, வெட்டித் தாறேன்" என்பார் அண்ணன்.

"ஒருபாடு தமாசு படிச்சு வச்சிருக்கேரு. அக்கா, நீயாவது சொல்லப்பிடாதா?"

மைனி சாயா டம்ளரை நீட்டிக்கொண்டே, "வெறகு கீற இத்தற பெரிய மெசினு வச்சிருக்க வீடு இந்த ஜில்லாவுலயே இதுதான்" என்பாள். யாரைக் கேலி செய்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியாது.

அண்ணன் அய்யாவழிக்காரர். ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகை கட்டிக்கொண்டு பக்கத்தில் அவர்கள் கூடிக் கும்பிடும் நிழல்தாங்கலுக்குப் போவார். அங்கே பள்ளியறை என்கிற கருவறையில் சிலை கிடையாது. ஒரு கண்ணாடியும் இரண்டு விளக்கும்தான். கும்பிடப் போகிறவன் தன்னையே பார்த்துக் கும்பிட வேண்டும். அந்தக் கண்ணாடியின் சட்டம் செல்லரித்துப்போயிருந்தது. கூட்டத்தில் பேச்சு வந்தபோது அண்ணன் எழுந்து, "என் மரத்துல, என் மெசினுல நான் செய்து தாறேன், திருவிழாக் கொடியேத்துக்கு முன்ன" என்று சொல்லிவிட்டார். மேலே வளைவு வைத்த சட்டம். ஒரே பலகையைக் கீறி விரித்து, வளைவின் இரண்டு பாதியும் ஒரே வரியாக வரவேண்டும் என்று அவர் மனதில் இருந்தது.

மைனியின் தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். "சரி அத்தான். கொடியேத்துக்குச் சட்டம் அங்கன மாட்டியாச்சுன்னா நான் வாய் தொறக்கமாட்டேன். இல்லேன்னா மறுநா ஆள் வந்து மெசினத் தூக்கும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அண்ணன். யோசிக்கவே இல்லை. மைனி என்னைப் பார்த்தாள். மெஷின் போனால் எனக்கும் அங்கே வேலை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அண்ணனுக்கு அதுதான் கடைசி. அதைத் தூக்கிவிட்டால் அவர் டைல்ஸ் கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பில் போடவேண்டியதுதான். அப்படி ஒரு நாற்காலி ஏற்கனவே தயாராக இருந்தது.

மரம் என்றது வீட்டு முற்றத்துப் பலா. போன மழையில் காற்றுக்குச் சாய்ந்தது. தடியை மரம் அறுக்கும் மில்லுக்கு எடுத்துப்போனபோது, "வீட்டு வளப்பு மரமா? வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முற்றத்து மரத்தில் துணி காயப்போடும் கம்பி இருக்கும், ஊஞ்சல் கொக்கி இருக்கும், ஆணி இருக்கும். மரம் வளர்ந்து அதையெல்லாம் விழுங்கிவிடும். பெரிய மில்காரன் அதற்குப் பயப்படுவான். அப்படித் திருப்பி அனுப்பிய மரத்தைப் பலகையாக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒரு பேண்ட்சா வேண்டும். அதன் பிரயோசனமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

மூன்றடித் துண்டுகளாக்கி, ஆப்பு வைத்துப் பிளந்து, தொழுவத்தில் அடுக்கிக் காயவைத்திருந்தார். என் வேலை, ஒவ்வொரு துண்டையும் காந்தத்தால் தடவிப் பார்ப்பது. மேலே பார்த்தால் போதாது. ஒவ்வொரு பலகை எடுத்தபிறகும் புதிதாகத் தெரியும் முகத்தை மறுபடி தடவவேண்டும். அண்ணன் இதைப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார்.

கொடியேற்றுக்கு ஒன்பது நாள் இருந்தது. நல்ல துண்டை எடுத்து இரண்டு பலகை கீறினோம். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். அடுத்த நாள் காலையில் அண்ணன் தக்கலைக்குக் கண்ணாடிக்காரனிடம் அளவு கேட்கப் போனார். போகும்போது, "மூணாவது அறுப்பு நான் வந்த பொறவு மதி, அதுவரைக்கும் தொடாத, கேட்டியா?" என்றார்.

கேட்டேன். அவர் போய் ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குக் கைவராத ஒன்று. மரத்தூள் கூட்டினேன். சக்கரத்து ரப்பரைத் துடைத்தேன். பிறகு துண்டை மேசைமேல் தூக்கி வைத்தேன். அதன் முகத்தில் ஓர் ஓரமாக விரல் நீளத்துக்குக் கறுப்பு ஓடியிருந்தது. பலாவில் கறுப்பு ஓடினால் உள்ளே இரும்பு என்று அர்த்தம். எனக்குத் தெரியும். காந்தம் ஜன்னலில் இருந்தது, நாலு எட்டு தூரத்தில். மழைத்தண்ணீர்க் கறையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மோட்டாரைப் போட்டேன்.

பாதி போனபோது பிளேடு ஒருமுறை அலறியது. அடுத்த கணம் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். நான் பின்னால் விழுந்தேன். எழுந்து சுவிட்சை அணைத்தபோது மேல்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பிளேடு அறுந்து மேசைக்கடியில் பாம்புபோல் சுருண்டு கிடந்தது. ஒரு சாண் நீளத்துக்குப் பல் இல்லை. வேறு புதுப் பிளேடு கிடையாது.

மைனி ஓடிவந்தாள். "கையி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

ஆப்பு வைத்து மரத்தைப் பிளந்தேன். ஆணி உள்ளே படுத்திருந்தது. நாலு விரல் நீளம், சதுரமாக அடித்த பழைய ஆணி. தலையைச் சுற்றி மெல்லிய செம்புத்தகடு, பச்சை பிடித்துப் போயிருந்தது. துணி காயப்போட யாரும் ஆணிக்குத் தகடு சுற்றமாட்டார்கள். நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பியபோது மைனி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தா" என்றாள். கொடுத்தேன். முந்தானையில் பொதிந்துகொண்டாள்.

கல்யாணம் ஆகி ஏழு வருடம் குழந்தை இல்லை என்றாள். அண்ணன் வெளிநாட்டில். அவளுடைய அம்மை யாருக்கும் தெரியாமல் ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தாள். அவன் இந்த ஆணியை முற்றத்துப் பலாவில் அடித்துவிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிப் போனான். அண்ணன் லீவுக்கு வந்து போனார், அடுத்த வருடம் மகள் பிறந்தாள். இப்போது சென்னையில் நர்ஸாக இருக்கிறாள்.

"அய்யா வழியில நிக்க வீடு. மந்திரம் தந்திரம்னா அவருக்கு ஆகாது. மரம் விழுந்த அண்ணைக்கே சொல்லணும்னு நெனச்சேன். எப்பிடிச் சொல்லுகது மக்கா? அறுக்கும்போ ஒவ்வொரு தடவையும் அடுக்களையில நின்னு காதப் பொத்திக்கிடுவேன்."

"மெசின் போயிருமே மைனி" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? அதுல நிக்கும்போதான் அவரு முதுகு வலிய மறக்காரு." முகத்தைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "காந்தம் வச்சிப் பாக்கலன்னு சொல்லிரு. கேக்கப்பிடாதுதான். கேக்கேன்."

அது முழுப் பொய்யும் இல்லை. நான் பார்க்கவில்லைதான். அவள் ஓர் ஆணியை மறைத்தாள், நான் ஒரு கறுப்பைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தேன். இரண்டில் எது பெரிது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆணியைக் காகிதத்தில் சுற்றித் திரும்பத் தந்தாள். "கடல்ல போட்டிரு. குளத்துல, ஆத்துல வேண்டாம். கடல்ல" என்றாள். சரி என்றேன்.

பத்தரை மணிக்கு அண்ணன் வந்தார், மச்சினன் பைக்கின் பின்னால். அறுந்த பிளேடைப் பார்த்த மைனியின் தம்பி ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"நான் அண்ணைக்கே சொன்னேன். பழைய மெசினு. ஒருநா இல்லேன்னா ஒருநா ஆளக் கொல்லும்."

"ஆணி கெடந்துது" என்றேன். "நான் காந்தம் வச்சிப் பாக்கல. அண்ணன் வந்த பொறவு போதும்னு சொன்னாரு, அதையும் கேக்கல."

"ஆணி எங்க?" என்றார் மைனியின் தம்பி.

"தோட்டத்துல எறிஞ்சிட்டேன்."

"ஏலே, நாலு மாசமா திண்ணுட்டு ஒரு காந்தத்த எடுத்து வைக்க ஒனக்குக் கை வரல்லியா?"

"வரல்ல" என்றேன்.

அண்ணன் பிளந்த மரத்தின் அருகே போனார். ஆணி கிடந்த பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் செம்பின் பச்சை. அங்கேயே கொஞ்ச நேரம் விரல் இருந்தது. பிறகு அடுக்களைக் கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"மெசினு மரத்த அறுக்கதுக்கு உள்ளது மாப்பிள" என்றார். "இரும்பக் குடுத்தா அது என்ன செய்யும்? குத்தம் மெசினுல இல்ல."

"அப்போ ஆளுலதான்."

"ஆளுலதான்" என்றேன் நான்.

மைனியின் தம்பி ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "இன்னும் எட்டு நா இருக்கு. பாப்போம்" என்று போய்விட்டார்.

அண்ணன் பரணிலிருந்து ஒரு பழைய துருப்பிடித்த பிளேடை எடுத்தார். நம் பிளேடில் பல் போன பகுதியை வெட்டி எறிந்தார். அப்படியே ஒட்டினால் சக்கரத்துக்கு எட்டாது. அதனால் பழைய பிளேடிலிருந்து அதே நீளத்துக்கு ஒரு துண்டு. நான்கு முனைகளையும் சரிவாக அரத்தால் தேய்த்தார். ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, நடுவில் வெள்ளிக்கம்பி வைத்து, தீ காட்டினார். நான் குறடு பிடித்தேன். சாப்பாட்டு நேரம் போய்விட்டது. ஒட்டை மட்டமாகத் தேய்த்து, பிளேடைச் சக்கரத்தில் ஏற்றி, திருகை முறுக்கி, விரலால் சுண்டிப் பார்த்தார். வீணைபோல் அல்ல, கொஞ்சம் செத்த சத்தம்தான் வந்தது. "மதி. கடுங்கை வைக்காம மெள்ளத் தள்ளினா ஓடும்" என்றார்.

பிறகு அந்தக் கெட்ட துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வளைவு எடுக்க எடம் இருக்கு. கறை பட்ட பக்கம் சுவரப் பாத்து இருக்கட்டும்."

மரத்தூளைத் தட்டிக்கொண்டு என்னிடம் திரும்பினார். "இனி எல்லாம் சின்னத் துண்டு மக்கா. நான் ஒத்தைக்குத் தள்ளிக்கிடுவேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது புரிந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத ஒருவனைப் பிளேடு பக்கத்தில் நிறுத்த அவரால் முடியாது. நானாக இருந்தாலும் நிறுத்தமாட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு பக்கம் லேசாகவும் இருந்தது. நாலு மாதம் ஒரே கூரையைப் பார்த்துப் படுப்பது எனக்கு அதிகம்.

மைனி வாழையிலையில் மரச்சீனிக்கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியும் பொதிந்து தந்தாள். "அய்யா உண்டு" என்றார் அண்ணன், தாங்கலில் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது சொல்வதுபோல. நான் அந்த வழிக்காரன் இல்லை. தலையை ஆட்டினேன். "காந்தத்த நீயே வச்சுக்க. எனக்கு வேற ஒண்ணு இருக்கு" என்றார். அது குத்தலா கரிசனையா என்று இறக்கத்தில் பாதி தூரம்வரை யோசித்தேன். அப்போதுதான் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

தக்கலையில் மணவாளக்குறிச்சி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்ததும் கால் வலி தெரிந்தது. வழியில் எத்தனையோ குளம் வந்தது. ஒரு குளத்தில் எறிந்திருக்கலாம், ஜன்னல் வழியாகவே. மைனிக்குத் தெரியப்போவதில்லை. மந்திரத்தில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் காகிதத்தைக் கையில் பிடித்தபடியே கடைசி நிறுத்தம்வரை போனேன். எந்த வேலையையும் முழுக்க முடிக்காதவன் என்று என்னைப்பற்றி ஒரு பெயர் உண்டு. இதையாவது முடிப்போம் என்று நினைத்திருப்பேன்.

வெயில் தாழ்ந்த நேரம். இரும்புத்தாது கலந்த மணல் கறுப்பாகக் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, அலை திரும்பும்போது ஆணியை எறிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன மக்களே, நேர்ச்சையா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். கரைக்கு வந்து பையை மணலில் போட்டுவிட்டு இலைப்பொதியைப் பிரித்துச் சாப்பிட்டேன். பையை எடுக்கும்போது அது தரையை விட்டு வர மறுப்பதுபோல் இருந்தது. உள்ளே பார்த்தால், கிழிசல் வழியாக வந்த கறுப்பு மணல் காந்தத்தைச் சுற்றி முள்ளம்பன்றிபோல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. மீன் ஏலம்போடும் கொட்டகையில் படுத்தேன்.

காலையில் சாயாக்கடையில் ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடற்கரையில் ஒரு பழைய வீட்டை இடித்து மரத்தை எடுத்திருக்கிறார். உத்தரம், கைமரம், கதவு எல்லாம் மில்லுக்குப் போகவேண்டும்.

"ஒரு ஆணி கெடந்தாப் போதும், மில்லுக்காரன் வண்டியத் திருப்பி விட்டிருவான். ஆணி புடுங்கத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"வெளிய தெரியுகத யாரும் புடுங்குவான். உள்ள ஒடிஞ்சு கெடக்கத எப்பிடிக் கண்டுபிடிப்ப?"

பையைத் திறந்து காந்தத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார், மணலோடு இருந்ததால். வீட்டு முற்றத்தில் மரங்கள் குவிந்து கிடந்தன. முதல் உத்தரத்தின் அருகே உட்கார்ந்தேன். காந்தத்தை வைக்கும்முன் அதிலிருந்த கறுப்பு மணலைத் துடைத்து எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஒரு பக்கம் வழித்தால் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. முழுக்கப் போகும்வரை துடைத்தேன். பிறகு உத்தரத்தின் ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தடவத் தொடங்கினேன்.